கடைசிப் பத்தடி: மேசைக் கணினியின் ஆன்டெனாவை எங்கே வைப்பது?

(புதுச்சேரியின் வில்லியனூரில், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமப்புற மாணவர்களும் பொதுச் சேவை மையப் பணியாளர்களும் கணினிக் கடைக்காரர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விரல் நீளமுள்ள ஒரு கறுப்புக் குச்சியைப் பற்றிப் பேசவே இன்று வந்திருக்கிறேன். மேசைக் கணினியின் பின்பக்கத்தில் திருகி வைக்கிற வைஃபை ஆன்டெனா. இதற்கு ஒரு முழுச் சொற்பொழிவு வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். வேண்டும் என்பதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. நெட் மெதுவாக வந்தால் நாம் முதலில் கேபிள்காரருக்கு போன் போடுகிறோம். அவர் வந்து ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போகிறார். சரியாகவில்லை என்றால் 50 எம்பிபிஎஸ் பிளானை 100 ஆக மாற்றுகிறோம். அதற்கும் மசியவில்லை என்றால் ஆன்லைனில் ‘பூஸ்டர்’ ஒன்றை வாங்குகிறோம். இத்தனைக்குப் பிறகும் சிபியு மேசைக்கு அடியில், முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அதே இடத்தில் இருக்கிறது. கடலுக்கு அடியிலும் ரோட்டோரத்திலும் கண்ணாடி இழையில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்த தரவு, நம் வீட்டுக் கூடத்தின் கடைசிப் பத்தடியில் தடுக்கி விழுகிறது. அந்தப் பத்தடிக்கு மாதச் சந்தா கிடையாது. பொருளை எங்கே வைக்கிறோம் என்பது மட்டும்தான் கணக்கு.

இந்தப் பாடத்தை வேறு ஊரிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. இதே வில்லியனூரில், வைஃபை என்ற பெயரே புழக்கத்துக்கு வராத 1998-இல், அதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐடிஆர்சி அமைப்பின் நிதியுதவியோடு தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் அது. வில்லியனூரில் மைய நிலையம். கீழூர், ஏம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் அறிவு மையங்கள். பேராசிரியர் சுப்பையா அருணாசலம், டாக்டர் வி.பாலாஜி, செந்தில்குமரன் போன்றவர்கள் அதில் உழைத்தார்கள். மையங்களில் உட்கார்ந்து கம்ப்யூட்டரை இயக்கியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள்.

கீழூர் என்றதும் உங்களில் பெரியவர்களுக்கு 1954 அக்டோபர் 18 நினைவுக்கு வரும். பிரெஞ்சிந்தியா இந்தியாவோடு இணைவதா என்று 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் ஆம் என்று வாக்களித்த ஊர். அந்த ஊருக்கு 44 ஆண்டுகள் கழித்துக் கம்ப்யூட்டர் வந்தபோது நம்பகமான டெலிபோன் லைன் இல்லை. லைன் இருந்த இடத்திலும் மழை பெய்தால் இரைச்சல். மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சோலார் தகடு பொருத்தினார்கள். டெலிபோனுக்குப் பதிலாக, போலீஸ்காரர்கள் வைத்திருப்பதைப் போன்ற இருவழி விஎச்எஃப் ரேடியோவை எடுத்துக்கொண்டு, அதன் வழியாகக் குரலையும் அனுப்பினார்கள், மோடம் வைத்துத் தரவையும் அனுப்பினார்கள். லைன் உள்ள இடத்தில் கம்பி, இல்லாத இடத்தில் காற்று என்று இரண்டையும் கலந்த வலையமைப்பு.

அந்த ரேடியோவின் அலை நீளம் ஏறக்குறைய 2 மீட்டர். அந்த அலை மரத்தை ஓரளவு சுற்றி வளைந்துகொண்டு போகும். ஆனாலும் பூமியின் வளைவை அதனால் மீற முடியாது. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கட்டினால் அதன் ரேடியோ அடிவானம் சுமார் 13 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் 10 மீட்டர் உயரம் இருந்தால் 26 கிலோமீட்டர். இதே ரேடியோவை மேசைமேல் வைத்துப் பேசினால் இந்தத் தூரம் மிகவும் குறுகிவிடும். பேட்டரியை மாற்றவில்லை, சக்தியைக் கூட்டவில்லை. குழாயை நட்டு ஆன்டெனாவை உயரத்தில் ஏற்றினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீராம்பட்டினத்தில் நடந்தது பலருக்குத் தெரியும். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வரும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் கடற்கரைக்குக் கேட்கும்படி அறிவித்தார்கள். நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று மீனவர் தெரிந்துகொண்டார். ஏம்பலத்தில் கோயில் கட்டடத்திலேயே மையம் அமைந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாதவர்களுக்கும் மையத்தின் கதவு திறந்திருந்தது. ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு பத்திரிகையும் வந்தது.

அந்த மையங்களின் கதையில் நான் பெரிதாக நினைப்பது நல்லவாடுதான். 2004 டிசம்பர் 26 காலை. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் செய்தார். ஊருக்குள் விஷயம் பரவ நேரமில்லை. அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் சத்தம் போட்டார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கடற்கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். படகும் வீடும் போயின, உயிர்கள் நின்றன. செய்தி சிங்கப்பூரிலிருந்து ஒரு நொடியில் வந்துவிட்டது. அதை ஊரின் கடைசி வீடு வரைக்கும் கொண்டுபோனது உயரத்தில் கட்டியிருந்த அந்தக் குழாய் ஸ்பீக்கர். அது ஒரு அறைக்குள் பீரோ மேல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வருவோம்.

வைஃபை பெரும்பாலும் இரண்டு பட்டைகளில் வேலை செய்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலை நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். இந்த அலைக்கு உலோகம் பரம விரோதி. தாள் கனத்துத் தகரம் போதும், அதை நிறுத்திவிடும். மேசைக் கணினியின் டப்பா முழுக்க இரும்பு. அதன் முதுகில் ஆன்டெனாவைத் திருகினால், முன்பக்கம் முழுவதும் நிழல். ரூட்டர் அந்தப் பக்கம் இருந்தால் நேராக வரும் அலை குச்சியைத் தொடவே தொடாது. சுவரிலும் மேசைக் காலிலும் மோதித் திரும்பி வரும் மிச்சம் மீதியை வைத்துத்தான் உங்கள் கணினி குடும்பம் நடத்துகிறது. அதிலும் சிபியுவை நாம் எங்கே வைக்கிறோம்? தரையில், மேசைக்கு அடியில், மூலையில். ஆன்டெனாவுக்குக் கம்ப்யூட்டர் அறையிலேயே மிக மோசமான இடம் எது என்று தேடினால் அதுதான்.

லேப்டாப்பைப் பாருங்கள். அதில் ஆன்டெனா எங்கே இருக்கிறது? பெரும்பாலானவற்றில் திரையைச் சுற்றியுள்ள விளிம்புக்குள், மூடியில். திறந்தால் அது மேசைக்கு மேலே ஓர் அடி உயரத்தில், மற்ற உலோகத்திலிருந்து விலகி நிற்கிறது. தயாரித்தவர்கள் யோசித்து வைத்த இடம். மேசைக் கணினியில் அந்த யோசனையை நம்மிடம் விட்டுவிட்டார்கள், நாம் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் படம் ஓடுகிறது, அதைவிட விலை கூடிய மேசைக் கணினியில் வட்டம் சுற்றுகிறது என்று வருகிற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் வேடிக்கையானது. இப்போது வரும் பல மதர்போர்டுகளில் வைஃபை உள்ளேயே இருக்கிறது. பின்பக்கத்தில் தங்க நிறத்தில் இரண்டு சின்ன மரைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் மாட்ட வேண்டிய ஆன்டெனா மதர்போர்டு பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் கிடக்கும். அசெம்பிள் செய்பவர் அவசரத்தில் அதை எடுப்பதில்லை. பெட்டி பரணுக்குப் போய்விடுகிறது. ஆன்டெனா இல்லாமலும் ரூட்டர் அதே அறையில் இருந்தால் சிக்னல் இரண்டு கோடு காட்டும், அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. இங்கே இருக்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பில் போடுவதற்கு முன் அந்த இரண்டு மரைகளைத் தடவிப் பாருங்கள்.

சரி, குச்சி மாட்டியாகிவிட்டது. எந்தப் பக்கம் திருப்புவது? பலர் குச்சியின் நுனியை ரூட்டரை நோக்கிக் காட்டுகிறார்கள். அது தலைகீழ். ஒரு மெதுவடையின் ஓட்டைக்குள் குச்சியைச் சொருகியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வடை இருக்கும் பக்கமெல்லாம் அலை போகிறது, வருகிறது. குச்சியின் நுனி நேராகக் காட்டும் திசையில் வடை இல்லை, அங்கே சிக்னலும் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே ரூட்டரும் கணினியும் ஒரே தளத்தில் இருந்தால் குச்சியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். வடை தரைக்கு இணையாகப் படுத்து, சுற்றிலும் பரவும். ரூட்டர் கீழே, கணினி மாடி அறையில் என்றால் செங்குத்துக் குச்சி கெடுதல் செய்யும், ரூட்டர் குச்சியின் நுனி நேராக உங்கள் காலடியைக் காட்டும். அப்போது இரண்டு பக்கக் குச்சிகளையும் ஒரே வாட்டத்தில் படுக்க வைக்க வேண்டும்.

திசையோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. செங்குத்துக் குச்சியிலிருந்து கிளம்பும் அலை செங்குத்தாக அதிர்கிறது. அதை வாங்கும் குச்சியும் அதே நிலையில் இருந்தால் முழுதாக வாங்கும். ஒன்று நின்று ஒன்று படுத்தால் இழப்பு. பழைய தூர்தர்ஷன் காலத்தில் மொட்டை மாடிக் கம்பத்தில் மீன் முள் போல ஆன்டெனா கட்டினோமே, அதில் குறுக்குக் கம்பிகள் ஏன் படுத்தே இருந்தன? நிலையம் ஒளிபரப்பிய அலை படுக்கை வாட்டத்தில் அதிர்ந்தது. அந்த ஆன்டெனா ஜப்பானியர்களான யாகியும் உடாவும் 1926 வாக்கில் உருவாக்கியது. காரைக்கால், நாகப்பட்டினப் பக்கம் அதைத் தெற்கே திருப்பிக் கட்டி இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மேலே ஒருவர் கம்பத்தைத் திருப்ப, கீழே ஒருவர் ‘போதும், போதும், கொஞ்சம் பின்னாடி’ என்று கத்தியது நினைவிருக்கும். நம் தாத்தாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஆன்டெனா திருப்பத் தெரிந்திருந்தது. நமக்கு டப்பாவுக்குப் பின்னால் கை விடச் சோம்பல்.

வீட்டுக்குள் அலை பல சுவர்களில் மோதிப் புரண்டு வருவதால் இந்த அதிர்வுத் திசைக் கணக்கு வெளியில் போலக் கறாராக இருக்காது. ஆகவே இரண்டு குச்சி இருந்தால் ஒன்றை நிறுத்தி, மற்றதைச் சாய்த்து வையுங்கள். எப்படி வந்தாலும் ஒன்றாவது பிடிக்கும்.

ஏன் இரண்டு குச்சி? அழகுக்கு வைக்கவில்லை. இதைக் கேட்கும்போது நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது. ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். இளம் வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். 1971 போரில் ஐஎன்எஸ் குக்ரி மூழ்கிய பிறகு, எதிரி நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியை நம் நாட்டிலேயே செய்யும் பணிக்குத் தலைமை ஏற்றார். 1983-இல் அந்த அப்சோ சோனார் கப்பலேறியது. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே 1992-இல் அவருக்குத் தோன்றிய எண்ணம்தான் மைமோ. அதுவரை பொறியாளர்கள் அலை பல சுவர்களில் மோதி எதிரொலித்து வருவதைத் தொல்லையாக நினைத்தார்கள். பால்ராஜ் அதை வரமாக எடுத்துக்கொண்டார். அனுப்பும் பக்கம் இரண்டு ஆன்டெனா, வாங்கும் பக்கம் இரண்டு ஆன்டெனா வைத்தால், வெவ்வேறு வழியாக மோதி வரும் அலைகளைக் கணக்குப் போட்டுப் பிரித்து, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு தனித் தரவுகளை அனுப்பலாம். 1994-இல் காப்புரிமை கிடைத்தது. 2014-இல் மார்கோனி பரிசு பெற்றார். இன்று 4ஜி, 5ஜி, வைஃபை எல்லாம் இதன் மேல் நிற்கின்றன.

அவருடைய கணக்கு பலிக்க வேண்டுமானால் இரண்டு குச்சிகளுக்கும் வருகிற அலை ஓரளவாவது வேறுபட வேண்டும். இரண்டையும் ஒட்டி, ஒரே வாட்டத்தில் வைத்து, டேப் சுற்றிவிட்டால் வேறுபாடு குறையும். குறைந்தது அரை அலை நீளம், அதாவது 6 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது நல்லது. ஒரு குச்சி உடைந்துவிட்டது, ஒன்றுதான் இருக்கிறதே, போதும் என்று விட்டுவிடாதீர்கள். இணைப்பு அறுகாது. ஆனால் வேகம் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ போகும்.

குச்சியை டப்பாவிலிருந்து பிரித்து வெளியே கொண்டுவருவதுதான் உண்மையான மருந்து. காந்த அடியோடு, ஒரு மீட்டர் ஒயரோடு வரும் ஆன்டெனா கடையில் கிடைக்கிறது. மரையை மாட்டிவிட்டு ஆன்டெனாவை மேசைமேல், மானிட்டருக்குப் பக்கத்தில், ரூட்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைக்கலாம். மானிட்டருக்குப் பின்னால் வைக்க வேண்டாம், அதற்குள்ளும் உலோகத் தகடு இருக்கிறது. காந்தம் இருக்கிறதே என்று மறுபடியும் சிபியுவின் பக்கவாட்டிலேயே ஒட்டிவைப்பவர்களும் உண்டு. காந்தம் இரும்பைத் தேடும், ஆன்டெனா இரும்பிடமிருந்து தப்பிக்கப் பார்க்கும். நீங்கள் ஆன்டெனாவின் பக்கம் நில்லுங்கள்.

ஒயர் நீளமாக இருந்தால் இன்னும் தூரம் கொண்டுபோகலாமே என்று ஐந்து மீட்டர் வாங்காதீர்கள். அந்த மெல்லிய ஒயர் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபல் தின்னும். 3 டெசிபல் இழந்தால் சக்தி பாதி. 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு. ஐந்து மீட்டர் ஒயரின் கடைசியில் வந்து சேர்வது அந்தப் பத்தில் ஒரு பங்குதான். தூரமாக வைத்தே ஆக வேண்டும் என்றால் யுஎஸ்பி டாங்கிள் வாங்கி, யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் மாட்டித் தூக்கிக் கட்டுங்கள். அந்தக் கேபிளில் ஓடுவது தரவு, ரேடியோ அலை இல்லை. அதனால் இந்த இழப்பு கிடையாது.

டாங்கிள் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீல நிறத்தில் இருக்கும் யுஎஸ்பி 3 துளைகளிலும் அவற்றில் மாட்டிய ஹார்ட்டிஸ்க் ஒயரிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இரைச்சல் கசிகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஒரு தொழில்நுட்ப அறிக்கை வெளியிட்டது. சின்ன டாங்கிளையும் பேக்கப் ஹார்ட்டிஸ்கையும் அடுத்தடுத்த துளையில் மாட்டிவிட்டு, ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் நெட் ஏன் போகிறது என்று தலையைச் சொறிபவர்களுக்கு இதுதான் விடை. இரண்டையும் தள்ளி மாட்டுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

இப்போது வீட்டைப் பற்றி. பிளான் விற்பவர்கள் எல்லா வீட்டையும் ஒரே வீடாகப் பேசுகிறார்கள். நம் கொம்யூன்களில் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடு இருக்கிறது, அரசு மானியத்தில் கட்டிய கான்கிரீட் வீடு இருக்கிறது, மாடியில் தகர ஷீட் போட்ட அறை இருக்கிறது. காய்ந்த ஓட்டைக் கடந்து அலை எளிதாகப் போகும். செங்கல் சுவர் ஒன்று சில டெசிபல் பிடித்துக்கொள்ளும். கம்பி கட்டிய கான்கிரீட் தளம் அதைவிடக் கடுமை. தகர ஷீட்டுக்கு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றுமே போகாது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் 2.4-ஐவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடும். ஒரே அறை என்றால் 5, இரண்டு சுவர் தாண்ட வேண்டும் என்றால் 2.4 என்பது என் வழக்கம்.

தடைகளில் நாம் கவனிக்காதவை மூன்றைச் சொல்வேன். முதலாவது ஸ்டீல் பீரோ. ரூட்டருக்கும் கணினிக்கும் நடுவில் பீரோ நின்றால் அது தகரச் சுவர்தான். அடுத்து, நிலைக்கண்ணாடி. அதன் முதுகில் பூசியிருப்பது உலோகம். மூன்றாவது தண்ணீர். மீன் தொட்டி, குடிநீர் கேன், ஈரம் காயாத நெல் மூட்டை எல்லாம் அலையை உறிஞ்சும். அறுவடை முடிந்து கூடத்தில் மூட்டை அடுக்கியதும் நெட் குறைந்தது என்றால் அதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிடாதீர்கள்.

மழை வந்தால் சிக்னல் போகிறது என்பது மட்டும் பாதிதான் உண்மை. இந்த அலைவரிசையில் மழைத்துளி செய்யும் கெடுதல் மிகச் சொற்பம். நனைந்த தென்னை மட்டையும், ஊறிப்போன சுவரும், தண்ணீர் இறங்கிய மரைகளும்தான் கெடுப்பவை. மூர்த்திக்குப்பம், பன்னித்திட்டு மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு. வெளியே கட்டிய ஆன்டெனாவின் மரை சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். ரப்பர் டேப் சுற்றி மூட வேண்டும்.

இடம் நல்லதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? திரையின் மூலையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். அவை பெரிய மாற்றத்தைத்தான் காட்டும். போனில் வைஃபை அளக்கும் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. அது மைனஸ் குறியோடு டிபிஎம் என்று ஓர் எண் காட்டும். மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ வகுப்பு தடையில்லாமல் நடக்கும். மைனஸ் 80-ஐத் தொட்டால் தொல்லை. ஆன்டெனாவை வைக்க நினைக்கும் இடத்தில் போனைப் பிடித்துப் பாருங்கள். ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள், எண் மாறும். நேராக வரும் அலையும் மோதி வரும் அலையும் சில இடத்தில் சேர்ந்து கூடும், சில இடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். அந்த மேடு பள்ளம் 2.4-இல் 6 சென்டிமீட்டருக்கு ஒருமுறை வரும். ஆன்டெனாவை நாலு விரல் தள்ளி வைத்ததும் நெட் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்புங்கள். அளக்கும்போது உங்கள் உடம்பு போனுக்கும் ரூட்டருக்கும் நடுவில் வராமல் நில்லுங்கள். நாமும் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

ஆன்டெனாவுக்கு அலுமினியத் தாள் சுற்றினால் சிக்னல் கூடும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. சுற்றாதீர்கள். ஆன்டெனாவுக்குப் பின்னால், சில அங்குலம் தள்ளி, வளைத்து நிறுத்தினால் ஒரு பக்கத்துச் சிக்னலை இன்னொரு பக்கம் திருப்பலாம், அது உண்மை. மேலேயே சுற்றுவது ஆன்டெனாவின் கண்ணைக் கட்டுவதுதான்.

வீட்டிலிருந்து வயலில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கோ, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்கோ நெட் கொண்டுபோகலாமா என்று கேட்கிறவர்கள் பாகூர்ப் பக்கம் அதிகம். கொண்டுபோகலாம். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து, சாதாரண வைஃபை கருவிகளையும் திசை நோக்கும் ஆன்டெனாக்களையும் கம்பத்தில் ஏற்றி, சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களை 2005 வாக்கில் இணைத்தது. நோயாளி தன் ஊரிலேயே உட்கார்ந்து தேனி மருத்துவரிடம் வீடியோவில் பேசினார். 2007-இல் வெனிசுலாவில் இரண்டு மலைகளுக்கு நடுவே 382 கிலோமீட்டர் தூரத்துக்கு வைஃபை இணைப்பு கொடுத்துக் காட்டினார்கள். மலை கொடுத்த உயரம் அது. நமக்கு மலை இல்லை, தென்னந்தோப்பு இருக்கிறது. அதுதான் சிக்கல்.

கண்ணுக்கு எதிர்க்கம்பம் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நூல் பிடித்த கோடாகப் போவதில்லை, நடுவில் பருத்துப் போகிறது. 5 கிலோமீட்டர் இணைப்பில், 2.4 கிகாஹெர்ட்ஸில், நடுவழியில் அந்தப் பருமனின் ஆரம் பன்னிரண்டரை மீட்டர். அதற்குள் தென்னந்தலை புகுந்தால் இணைப்பு தள்ளாடும். அதனால் நம் பகுதியில் ஒரு கிலோமீட்டருக்குள் நிற்பதுதான் புத்திசாலித்தனம். சட்டம் இதற்குத் தடையில்லை. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. கருவியின் சக்தி 1 வாட்டுக்குள், ஆன்டெனாவோடு சேர்த்து 4 வாட்டுக்குள், உயரம் கட்டடக் கூரைக்கு மேல் 5 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. 5 கிகாஹெர்ட்ஸ் வெளிப்புறப் பயன்பாட்டுக்கு 2018 அக்டோபரில் வழி திறந்தது. கம்பம் நட்டால் எர்த் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை இடியில் மொட்டை மாடிக் கம்பி என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகப் பள்ளிகளுக்கு ஒரு வார்த்தை. பாகூரில் கிடைத்த செப்பேடு, 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில் அங்கிருந்த கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்ததைச் சொல்கிறது. படிப்புக்குச் செலவழிக்க யோசிக்காத மண் இது. இன்றும் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வருகிறது, இணைப்பும் வருகிறது. ஆனால் நான் பார்த்த பல கணினி அறைகளில், திருட்டுப் போய்விடும் என்ற பயத்தில், ரூட்டரை ஸ்டீல் பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். ஒயர் போக மட்டும் ஒரு துளை. வரிசையாகப் பத்துக் கணினி, பத்திலும் சிக்னல் நடுங்குகிறது. தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: திங்கள்கிழமை அந்த ரூட்டரை வெளியே எடுத்து, அறையின் நடுவில், ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் மாட்டுங்கள். பூட்டு வேண்டுமானால் மரத்தில் ஒரு பெட்டி செய்து பூட்டுங்கள். உங்கள் ஊர்த் தச்சர் ஒரு மணி நேரத்தில் செய்து கொடுப்பார்.